இன்ஹேலருக்கு மாமியார் தடை: 7 வயதுப் பையனின் வீசிங்

சகோதரி, டாக்டர் தினமும் இன்ஹேலர் எழுதியும், "பழக்கமாகிவிடும், வேண்டாம்" என்று மாமியார் தடுக்கிறார், ஜூனில் ஹைதராபாத் மீன் மருந்துக்கு (உயிருள்ள சிறு மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வது) போகலாம் என்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

நம் ஊரில் இன்ஹேலரை முற்றிய நோய்க்குத்தான் தருவார்கள் என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. சிரப் என்றால் பயமில்லை. கணக்கைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் 0.1 மில்லிகிராம்தான். நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் அவ்வளவு போதும். தினமும் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. அதுவும் மிகச் சிறிய அளவு, அடிமையாக்காது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய் போன்ற கருவி) வைத்துக் கொடுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம். இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மீன் மருந்து பலன் தருவதற்கு ஆதாரம் இல்லை. குழந்தை உயிர்மீனை விழுங்கும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் என் பெரிய பயம். தயவுசெய்து வேண்டாம்.

தயிர், வாழைப்பழத்தை நிறுத்தியதாகச் சொன்னீர்கள். சாப்பிட்டதும் மூச்சிரைப்பு வருவதை நீங்களே கவனித்திருந்தால் ஒழிய, கொடுக்கலாம். ஆனால் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் கண்டிப்பாகக் கூடாது.

அப்புறம், அடுத்த முறை மாமியாரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் சந்தேகங்களை அவரே கேட்கட்டும்.