ஒரே ரூட், வேறு வேறு விமானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்னை–டெல்லியில் காலையில் பெரிய ஏ321 விமானம் விடுகிறார்கள், மதியம் அதைவிடச் சின்ன ஏ320 வருகிறது. கூட்டத்தைப் பார்த்துத்தானே?

பாதி சரி. ஆபீஸ் கூட்டம் ஏறும் நேரத்துக்குப் பெரிய விமானம் போடுவது உண்மைதான். மீதிப் பாதிக்கான காரணம் உங்கள் ரூட்டிலேயே இருக்காது. எந்த வகை விமானம் என்பதை அது நாள் முழுக்க ஓடும் சங்கிலியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். காலையில் சென்னையில் கிளம்பியது டெல்லி போய், அங்கிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பி, அப்புறம் மும்பை போய், ராத்திரி பராமரிப்பு ஆட்கள் இருக்கும் ஊரில் வந்து நிற்க வேண்டும் என்று வையுங்கள். மும்பையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும், அங்கே ஸ்லாட் (இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கும் நேரம்) கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்த ஒன்றில் ஏ320-ன் 186 பேருக்குப் பதில் ஏ321-ல் 232 பேரை இறக்கத்தான் எந்த நிறுவனமும் பார்க்கும். அந்த மும்பை ட்ரிப்புக்காக ஏ321 போட்டால் அதற்கு முந்தைய சென்னை ட்ரிப்பும் ஏ321-தான், சென்னையில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஏ321-ல் ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு குறைவாமே. எல்லா ரூட்டிலும் அதையே விட்டால் என்ன?

சீட் விற்றால்தான் குறைவு. 50 சீட்டுக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது விதி. 186 சீட்டுக்கு நாலு பேர் போதும், 232 என்றால் அஞ்சு பேர். எடை கூடுவதால் எரிபொருளும் இறங்கு கட்டணமும் கூடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, நேரம்தான் பெரிய தலைவலி. நடுவில் இருப்பது ஒரே நடைபாதை, மேலே பை வைக்க ஒருத்தர் நின்றால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிஷம் கூடினால், ஒரு மணி நேர ட்ரிப்புகளாக ஆறேழு ஓட்டும் விமானத்துக்கு நாளின் கடைசி ட்ரிப்பே போய்விடும்.

தூத்துக்குடிக்கு இனிமேலாவது ஜெட் வருமா?

ஓடுபாதை தடையாக இருந்த காலம் போய்விட்டது. முன்பு 1,350 மீட்டர்தான், புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானமான ஏடிஆருக்கு அது போதும், முழு பாரத்தோடு ஏ320 கிளம்ப ஏறத்தாழ 2,000 மீட்டராவது வேண்டும். இப்போது 3,115 மீட்டர், புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று.

ஆனால் ஏடிஆரை வெறும் ஓடுபாதைக்காக விடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 சீட் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 80-க்குக் குறைவான இருக்கை உள்ள உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணச் சலுகை உண்டு. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானம் என்றால் எரிபொருளுக்கு விற்பனை வரி ரொம்பக் குறைவு, பெரிய ஜெட்டுக்குப் பல மாநிலங்களில் அதைவிடப் பல மடங்கு. சென்னை மாதிரி பக்கத்து ஊருக்கு ஜெட்டைவிட இருபது, இருபத்தஞ்சு நிமிஷம்தான் கூட ஆகும். அதனால் 78 சீட் நிரம்பி வழிகிற வரைக்கும் ஜெட் விட அவசரப்பட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

லடாக்கில் இருக்கும் லேவுக்குக் காலையில் மட்டும்தான் விமானம். ஏன்?

3,256 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினும் திணறும், இறக்கையும் திணறும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றடிப்பும் சேர்ந்துகொள்ளும். ஏர் இந்தியா நெடுநாள் இங்கே ஏ319-ஐ ஓட்டியது இதனால்தான்: கிட்டத்தட்ட ஏ320-ன் அதே இறக்கை, உடம்பு மட்டும் குட்டை, பாரம் குறைவு.

2025-ல் டெல்லியிலிருந்து கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போன விமானத்தை நிறுத்தினார்களே, அது பக்கம்தானே?

நேர்கோட்டில் சென்னை–டெல்லியைவிடக் குறைவு! ஆனால் அந்த ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது. கிழக்கே திபெத் பீடபூமி, கேபின் அழுத்தம் போனால் கீழே இறங்க வழியில்லாத உயரம். மேற்கே அரபிக்கடல் பக்கமாகச் சுற்றினால் கையில் இருந்த விமானங்களுக்கு எட்டாத தூரம். இண்டிகோ அல்மாட்டியையும் தாஷ்கண்டையும் சேர்த்தே நிறுத்தியது.

காசு கொடுத்து எடுத்த சீட் கடைசி நேரத்தில் மாறிவிட்டது. விமானத்தை மாற்றினார்களாம். இது சகஜமா?

ரொம்பவே. ஏ320, ஏ321 இரண்டையும் ஒரே உரிமத் தகுதியோடு பைலட்கள் ஓட்டலாம் என்பதால், ஒன்று பழுதானால் மற்றதை இழுத்துவிடுவது சுலபம். ஆனால் கதவும் அவசர வழியும் இரண்டிலும் வேறு வேறு வரிசையில் இருக்கும், கால் நீட்ட இடமுள்ள சீட்டும் அதோடு நகர்ந்துவிடும். முதல் நாள் ராத்திரி ஒருமுறை ஆப்பில் சீட் படத்தைப் பாருங்கள், மாறியிருந்தால் அப்போதே கேட்டால் வேறு சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் அந்தக் கூடுதல் காசைத் திரும்பக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.