இலவசப் பரிசோதனைக்கு ஏன் பில் வந்தது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். வயது 42. கணவருடைய அலுவலக இன்ஷூரன்ஸில் இருக்கிறேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போனேன். அது இலவசம் என்றுதான் சொன்னார்கள். சில வாரங்களாக அசதியாக இருப்பதையும் டாக்டரிடம் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இன்ஷூரன்ஸ் அனுப்பியதில் "இது பில் அல்ல" என்று இருக்கிறது. டாக்டர் அலுவலகம் 128 டாலர் கேட்கிறது, லேப் 74 டாலர் கேட்கிறது. எதைக் கட்டுவது? யாரிடம் கேட்பது?

பதில்: இன்றைக்கு எதையும் கட்ட வேண்டாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "இது பில் அல்ல" என்பதைப் பார்த்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் மூன்றில் முக்கியமானது அதுதான். இ.ஓ.பி. என்று சொல்லப்படும் அந்தக் கணக்கு விளக்கத்தை வைத்துத்தான் மற்ற இரண்டும் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

அதில் ஒவ்வொரு சேவைக்கும் நான்கு தொகைகள் இருக்கும்: டாக்டர் போட்ட கட்டணம், இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட கட்டணம், இன்ஷூரன்ஸ் கொடுத்தது, உங்கள் பங்கு. டாக்டர் 240 டாலர் போட்டிருக்கிறார், ஒப்புக்கொண்டது 128 என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்கள் நெட்வொர்க்கில் இருப்பவர், அதாவது உங்கள் இன்ஷூரன்ஸோடு கட்டண ஒப்பந்தம் செய்தவர் என்றால் மீதி 112 டாலரை உங்களிடம் கேட்கக் கூடாது. ஒப்பந்தப்படி அது தள்ளுபடி. இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகைதான் டிடக்டிபிள். இந்த ஆண்டுக்கான அந்தத் தொகையில் இன்னும் 128 டாலராவது பாக்கி இருந்தால் 128 முழுவதும் உங்கள் பொறுப்பு. தீர்ந்துவிட்டது, அதன் பிறகு நீங்கள் கொடுக்க வேண்டிய பங்கான கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம் என்றால் 25 டாலர் 60 சென்ட் மட்டுமே. பில்லில் கேட்கும் தொகை "உங்கள் பங்கு" என்ற கட்டத்தில் இருப்பதைவிட ஒரு டாலர் கூடியிருந்தாலும் காரணம் கேளுங்கள். டாக்டரைப் பார்க்கும்போதே கவுன்டரில் வாங்கும் கோபே என்ற நிலையான தொகை ஏதாவது கட்டியிருந்தால் அதைக் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இனி, இலவசம் என்ற பேச்சுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டப்படி பெரும்பாலான திட்டங்கள், நோய்த்தடுப்புச் சேவைகளுக்கு நெட்வொர்க் டாக்டரிடம் உங்களிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது. ஆனால் சட்டம் இலவசமாக்கியது அந்தச் சேவைகளைத்தான். அன்றைக்கு அந்த அறைக்குள் நடந்த எல்லாவற்றையும் அல்ல. ஆண்டுப் பரிசோதனைக்குப் பில்லில் போடும் குறியீட்டு எண் ஒன்று உண்டு. பழைய நோயாளி, 40 முதல் 64 வயது என்றால் அது 99396. நீங்கள் அசதியைப் பற்றிச் சொல்ல, டாக்டர் விசாரித்து, காரணம் தேடிச் சோதனைக்கு எழுதியதும், அது நோய்க்கான ஆலோசனை ஆகிறது. அதற்கு 99213 அல்லது 99214 என்று தனிக் குறியீடு. இரண்டும் ஒரே நாளில் நடந்தன என்பதற்கு அடையாளமாக 25 என்ற பின்னொட்டும் சேரும். ஒருமுறை போனதற்கு இரண்டு கட்டணம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. பில்லிங் விதிகளின் கண்ணில் அது இரண்டு வேலை.

விதி நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. உடம்பில் என்ன தொந்தரவு என்று சொல்லத்தானே டாக்டரிடம் போகிறோம்? அறைக்குள் நுழையும் முன் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அசதியைப் பற்றி உண்மையாகவே விரிவாகப் பேசினீர்கள் என்றால் அந்த 128 டாலரில் பெரும்பாலும் பிழை இருக்காது. போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னதற்கே, இரண்டில் கட்டணம் கூடுதலான 99214 போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். 99203, 99204 போன்ற குறியீடு இருந்தாலும் கேளுங்கள். அவை புது நோயாளிக்கானவை; கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே டாக்டரைப் பார்த்தவருக்கு அவை பொருந்தா. குறியீடுகள் பில்லிலேயே இல்லாவிட்டால், ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாகக் காட்டும் பில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

தொகை குறைய வாய்ப்பு அதிகம் இருப்பது லேப் பில்லில்தான். ஒவ்வொரு ரத்தச் சோதனையோடும், அது எதற்காக என்று சொல்லும் நோய்க் குறியீடும் போகும். அசதிக்குக் காரணம் தேடும் தைராய்டு, வைட்டமின் டி சோதனைகள் தடுப்புச் சேவையில் பொதுவாகச் சேர்வதில்லை. அவற்றுக்குக் கட்டணம் வரும். ஆனால் உங்கள் வயதில் கொலஸ்ட்ரால் சோதனை வழக்கமான தடுப்புப் பரிசோதனை. ஒரே சீட்டில் எல்லாச் சோதனைகளையும் எழுதும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அசதிக்கான குறியீட்டையே போட்டுவிடுவதும் உண்டு. அப்போது இலவசமாகப் போயிருக்க வேண்டிய சோதனையும் கட்டணப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

இதற்கு லேபைக் கூப்பிட்டுப் பயனில்லை. டாக்டர் எழுதிய குறியீட்டை அவர்களாக மாற்ற முடியாது. இன்ஷூரன்ஸும் வந்த குறியீட்டைத்தான் படிக்கும். டாக்டர் அலுவலகத்தின் பில்லிங் பிரிவிடம், "கொலஸ்ட்ரால் சோதனை ஆண்டுப் பரிசோதனையின் பகுதியாகச் செய்ததா, அசதிக்காகச் செய்ததா என்று பார்த்து, தவறு இருந்தால் திருத்திய குறியீட்டை லேபுக்கு அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். லேப் இன்ஷூரன்ஸுக்குப் புதிதாகக் கிளெய்ம், அதாவது பணம் கேட்கும் விண்ணப்பம், அனுப்பும். தைராய்டையும் இலவசக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இல்லாத காரணத்தை எழுதுவது மோசடி. நல்ல டாக்டர் செய்ய மாட்டார்.

லேப் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதையும் இ.ஓ.பி.யில் பாருங்கள். டாக்டர் நெட்வொர்க்கில் இருப்பதால் அவர் ரத்தத்தை அனுப்பும் லேபும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

திருத்தம் முடியும்வரை கணக்கை நிறுத்தி வைக்கும்படி லேபிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கடன் வசூலிப்பவர்களுக்குப் போய்விடக்கூடும். திருத்திய பிறகும் இன்ஷூரன்ஸ் மறுத்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த 180 நாட்களுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டை எங்கே, எப்படி அனுப்புவது என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். யாரிடம் பேசினாலும் பெயர், தேதி, அழைப்புக்கான பதிவு எண் மூன்றையும் இ.ஓ.பி.யின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.