கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் என்ன கற்கலாம்?

மே மாத விடுமுறைக்கு முன்பு குமரி மாவட்டத் தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

சார், பாடத்தை ஆழமாகக் கற்க எந்தப் பயிற்சியில் சேரலாம்? (ஆசிரியை, மார்த்தாண்டம்)

வெளியூர் போக முடியுமென்றால், மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. நடத்தும் பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள். 1979 முதல் தில்லியைத் தலைமையிடமாக வைத்து, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கலை, பண்பாடு சார்ந்த பயிற்சி தருகிறார்கள். உங்கள் பெயர் கல்வித்துறை வழியாகப் போக வேண்டும் என்பதால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டிலிருந்தே என்றால் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் இருக்கிறது. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

அமெரிக்காவில் மானுடவியல் துறைகளுக்கான அரசு நிதி அமைப்பான என்.ஈ.எச். நிதி தரும் கோடைப் பயிலரங்குக்கு நாம் விண்ணப்பிக்கலாமா? (தக்கலை)

முடியாது, அது அங்குள்ள ஆசிரியர்களுக்கானது. ஆனால் அவர்கள் முறை நல்ல முறை. ஒரு வரலாற்று இடத்துக்கே போய், மூல ஆவணங்களை வைத்துச் சில நாட்கள் படிப்பார்கள். அதை நாம் இங்கேயே செய்யலாம்.

இங்கே என்றால், எங்கே தொடங்குவது? (ஆசிரியை, குழித்துறை)

உங்கள் பக்கத்திலேயே சிதறால் இருக்கிறதே, டீச்சர்! அதன் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆய் குல மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்தி என்பவர் இங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மலையில் ஒரு ஆசிரியையின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! இதை நேரில் பார்த்துவிட்டு வந்து சமணம் பாடம் நடத்திப் பாருங்கள், உங்கள் குரலே மாறியிருக்கும்.

அச்சில் வந்த கல்வெட்டுப் பாடத்தைக் கையில் கொண்டு போங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். சுண்ணாம்போ சாக்பீஸோ தடவவே கூடாது, கல் கெட்டுப்போகும்.

அப்புறம், முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம். 866ஆம் ஆண்டுச் செப்பேட்டின்படி, அங்கே 95 மாணவர்களுக்கு ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம் இருந்தது.

எங்கள் பாட்டா (தாத்தா) காலத்து நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. வகுப்புக்கு உதவுமா? (கருங்கல்)

நிச்சயமாக! 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சியில் இருந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். மலையாளம் படித்த பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாக வாசியுங்கள். தேதி மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824ஐக் கூட்டுங்கள், மற்ற மாதங்களுக்கு 825. வகுப்புக்கு நகல் மட்டும் போதும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு எந்த நாளில் போவது? (நாகர்கோவில்)

திங்கள்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.