பத்தாம் வகுப்புக் கணக்கை எடுக்கச் சொல்கிறார்கள்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கத் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்வது குறித்து அனுப்பிய கேள்விகள் இவை. பட்டதாரி ஆசிரியராகக் கணிதம் கற்பித்து, பின்னர் ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (பண்ருட்டி வட்டாரம்): வணக்கம் அம்மா. நான் வேதியியல் படித்த பட்டதாரி ஆசிரியர். எங்கள் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்டது. கணிதப் பணியிடம் நிரப்பப்படாததால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்காதீர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பாடநூல்களை எடுத்துப் பின்னங்கள், முழுக்கள், விகிதம், எளிய சமன்பாடுகள் ஆகிய நான்கையும் முதலில் முடியுங்கள். பயிற்சிக் கணக்குகளைப் போட்டு விடையைச் சரிபார்த்துவிட்டால் முடித்ததாக ஆகாது. ஒவ்வொரு விதியும் ஏன் சரி என்று ஒரு மாணவனுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு உங்களுக்கே தெளிவாக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை அந்த வகுப்பில் முளைத்தவை அல்ல. 'மூன்று எக்ஸ் சமம் 12' என்பதற்கு 'எக்ஸ் சமம் 12 − 3 = 9' என்று எழுதும் மாணவனின் நோட்டை எத்தனையோ ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகிறார்கள். அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று கீழ் வகுப்பில் கேட்டதை அப்படியே நிறைவேற்றியிருக்கிறான். உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. சமக்குறிக்கு இருபுறமும் உள்ளவற்றை 3 ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான். இதை வகுப்பில் பொறுமையாக நிலைநாட்டிவிட்டால், பின்னால் வரும் நேரியல் சமன்பாடுகளில் உங்களுக்குப் பாதி வேலை குறையும்.

இப்போதுள்ள மாநிலப் பாடநூலில் முதல் இயலான 'கண மொழி' பெரிய முன்னறிவைக் கேட்காது. ஜூன் மாதத்தில் அதை நடத்திக்கொண்டே, அடுத்து வரும் மெய்யெண்களுக்கும் இயற்கணிதத்துக்கும் உங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம். வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: மோல் கணக்கும் கரைசலின் செறிவும் விகிதத்தை அன்றாடம் கையாளும் இடங்கள் என்பதால், அளவுகளோடும் அலகுகளோடும் சிந்திக்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். விடைகள் அச்சடித்த வழிகாட்டி நூலை மட்டும் முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். அது அடுத்த வரி என்ன என்று சொல்லும். அந்த வரி ஏன் வந்தது என்று சொல்லாது.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): நான் இடைநிலை ஆசிரியர். அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் பெற்றிருக்கிறேன். துறை நடத்தும் கணிதப் பயிற்சிகளில் கலந்துகொண்டால் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெற உதவுமா?

பதில்: பணியிடைப் பயிற்சிச் சான்றிதழ் பணியிடத்தை மாற்றாது. கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடத்துக்குக் கணிதப் பட்டமும் பி.எட். பட்டமும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் தேர்ச்சியும் வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்வின்றிப் பணியில் தொடரலாம் என்றாலும், பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். அதன் பின் வந்துள்ள அரசாணைகளை முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பட்டப் படிப்பு, நீங்கள் சேர்ந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றிருந்ததா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில் அதைத் தேடி அலையக் கூடாது.

கேள்வி (விருத்தாசலம்): ஐந்து நாள் பயிற்சிக்குப் போகிறோம். கருத்தாளர் திரையில் படம் காட்டுகிறார், குழுவாக உட்கார்ந்து சார்ட் எழுதுகிறோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் எல்லாம் பழையபடிதான். இந்தப் பயிற்சிகளால் பயன் உண்டா?

பதில்: நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் குறை நாட்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அந்த நாட்களில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் பெரிதும் இருக்கிறது.

ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அதைப் பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தை அந்த வயதுப் பிள்ளைக்குக் கொண்டுசேர்க்கும் அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். நம் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டாவதைச் சுற்றியே நிற்கின்றன: குழுச் செயல்பாடு, கற்றல் விளைவு, மதிப்பீட்டுப் படிவம். கணிதம் படிக்காமல் கணிதம் எடுக்க வரும் ஆசிரியருக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் உடனே தேவை.

அயர்லாந்தில் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் கணக்கில் எடுத்த உயர்நிலைக் கணித ஆசிரியர்களில் 48 விழுக்காட்டினர் அந்தப் பாடத்துக்கு உரிய தகுதி இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. அவர்களை அந்நாட்டு அரசு வீட்டுக்கு அனுப்பவில்லை. பணியில் இருந்துகொண்டே, கட்டணமின்றி, இரண்டு ஆண்டுகள் பகுதிநேரமாகப் படிக்கும் பட்டயப் படிப்பை 2012இல் தொடங்கியது. வேறு பாட ஆசிரியரைக் கணித ஆசிரியராக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இதை ஓர் அளவாகக் கொள்ளலாம். ஐந்து நாளில் அது ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பது ஆசிரியருக்கும் கருத்தாளருக்கும் சேர்த்தே அநியாயம்.

இருக்கிற ஐந்து நாட்களிலும் ஒன்று செய்யலாம். போகும்போது உங்கள் வகுப்பின் சிறுதேர்வுத் தாள்களில் ஒரு கட்டை எடுத்துச் செல்லுங்கள். அதே தவறு திரும்பத் திரும்ப வந்த கணக்கு ஒன்றைக் குழுவின் முன் வைத்து, 'இந்தப் பிள்ளை எந்த விதியை மனத்தில் வைத்து இப்படி எழுதியிருக்கிறது?' என்று கேளுங்கள். கூட்டலின் வர்க்கத்தைத் தனித்தனி வர்க்கங்களின் கூட்டலாக எழுதும் தவறு ஒன்றே காலை அமர்வு முழுவதற்கும் போதும்: மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழின் வர்க்கம் 49, தனித்தனி வர்க்கங்களான 9, 16 ஆகியவற்றின் கூடுதல் 25, மீதி 24 எங்கே போனது என்று பக்க அளவு 7 உள்ள சதுரத்தைக் கட்டத்தாளில் வெட்டிப் பார்த்தால், மூன்றுக்கு நான்கு என்ற அளவில் இரண்டு செவ்வகங்கள் கையில் மிஞ்சும். நல்ல கருத்தாளர் இதை வரவேற்பார். வரவேற்காதவரோடு தேநீர் இடைவேளையில் சண்டை பிடிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரோடு பேசுங்கள்.

கேள்வி (புதுச்சேரி, அரசு உயர்நிலைப் பள்ளி): கணிதம்தான் படித்தேன், பல ஆண்டுகள் மாநிலப் பாடத்திட்டத்தில் நடத்தினேன். சிபிஎஸ்இ-க்கு மாறிய பின் மீண்டும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எதில் கவனம் செலுத்துவது?

பதில்: புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டு முதல் உயர்நிலை வகுப்புகள் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கியபோது மாறியது கணிதம் அல்ல, கேள்வி கேட்கும் முறை. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், அக மதிப்பீட்டுக்கு 20. அந்த 80இல் கூற்று–காரணம் கேள்விகளும், ஒரு சூழலை விவரித்து அதன்மேல் கேட்கப்படும் கேள்விகளும் இருக்கின்றன. பாடநூல் கணக்கை எண் மாற்றிப் போடப் பழகிய மாணவன் இங்கே முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறான்.

நான் பார்த்தவரை சிக்கலில் பெரும்பகுதி மொழியில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்கு 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்', 'முறையே' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பிடிபடாமல் நிகழ்தகவே தவறிப்போகிறது. கேள்வியை வாசித்து, தமிழில் திரும்பச் சொல்லவைத்து, அதன் பிறகு கணக்கைத் தொடங்கவிடுங்கள். இதற்கு நேரம் செலவாகும்; செலவாகட்டும். இன்னொன்று: கணிதத்தில் 'அடிப்படை' (பேசிக்), 'நிலையான' (ஸ்டாண்டர்டு) என்று இரண்டு தேர்வுகள் இருந்தாலும் பாடத்திட்டம் ஒன்றேதான், வினாத்தாளின் கடினம் மட்டுமே வேறு. எளிய தாளை எழுதப்போகும் பிள்ளைகளுக்குப் பாடத்தையே குறைத்து நடத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது கூடாது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை வாரியம் எதிர்பார்க்கிறது. அதில் உள்பள்ளிப் பயிற்சிக்கும் இடமுண்டு என்பதால், வினாத்தாள்களைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசும் நேரத்தையும் முறைப்படி திட்டமிட்டு அதில் சேர்க்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (நெய்வேலி அருகே): இயற்பியல் ஆசிரியரான நான் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக் கணக்கும் எடுக்கிறேன். வடிவியல் வரைபடத்துக்கும் கிராஃபுக்கும் சேர்த்து 16 மதிப்பெண் என்பதால் அதையே திரும்பத் திரும்பப் போடவைக்கச் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: நூறு மதிப்பெண் தாளில் எட்டு, எட்டாக 16 மதிப்பெண் வருவது உண்மை, தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய ஊன்றுகோல். பயிற்சி கொடுங்கள். ஆனால் அவர்கள் கிராஃப் தாளை அருகில் வாங்கிப் பாருங்கள். 'ஒய் சமம் எக்ஸ் வர்க்கம்' என்பதற்குப் புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அடுத்ததோடு நேர்க்கோட்டால் இணைத்திருப்பார்கள். அடியில் பரவளையத்துக்குப் பதிலாக ஒரு கூர்முனை இருக்கும். 'கையால் வளைத்துப் போடு' என்று திட்டுவதால் அடுத்த தாளில் வளைவு வரும், புரிதல் வராது. எக்ஸ் 0.5 ஆக இருக்கும்போது ஒய் எவ்வளவு என்று கேளுங்கள். 0.25 என்று அவர்களே கணக்கிடுவார்கள். ஸ்கேலால் போட்ட கோடு அந்த இடத்தில் 0.5 காட்டும். கோடு பொய் சொல்கிறது என்று கண்ட பிள்ளை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் கணக்கற்ற புள்ளிகள் உண்டு என்பதைத் தானே பேசத் தொடங்கும். சார்புகளைப் பற்றிய இயலில் நாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முயன்றதும் அதுதான்.

முக்கோணவியலிலும் இதே வழிதான். சைன் 30° அரை என்பதால் சைன் 60° ஒன்று என்று எழுதுபவர்களை அட்டவணையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். கர்ணம் 10 செ.மீ. இருக்குமாறு 30°, 45°, 60° கோணங்களில் மூன்று செங்கோண முக்கோணங்களை வரைந்து எதிர்ப்பக்கத்தை அளக்கச் சொல்லுங்கள்: 5, ஏறத்தாழ 7.1, ஏறத்தாழ 8.7. கோணம் இரட்டித்தால் பக்கம் இரட்டிக்கவில்லை என்பதை அளவுகோலே சொல்லிவிடும். இயற்பியல் ஆய்வகத்தில் அளந்து பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை.

கேள்வி (கடலூர் முதுநகர்): தமிழாசிரியராக இருந்து, ஆள் இல்லாததால் ஆறாம் வகுப்புக் கணக்கும் பார்க்கிறேன். 'குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எப்படி வரும்?' என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லி, மறுநாள் சொல்லிவிடுங்கள். கரும்பலகையில் (−3) × 2 = −6, (−3) × 1 = −3, (−3) × 0 = 0 என்று எழுதி, பெருக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறைய விடை மூன்று மூன்றாகக் கூடுவதைக் காட்டி, அடுத்த வரியை அவளையே எழுதச் சொல்லுங்கள். (−3) × (−1) என்பதற்கு 3 என்றுதான் எழுதுவாள். இது ஒழுங்கைக் காட்டுமே தவிர நிறுவாது. நிறுவல் உங்களுக்காக: 1-ம் −1-ம் சேர்ந்தால் பூச்சியம், அதை −3 ஆல் பெருக்கினாலும் பூச்சியம், பங்கீட்டு விதிப்படி பிரித்தால் −3 உடன் (−3) × (−1) சேர்ந்து பூச்சியமாக வேண்டும், ஆகவே அது 3 ஆகத்தான் இருக்க முடியும்.

கேள்வி (சிதம்பரம், தலைமையாசிரியர்): கணித ஆசிரியர் ஒருவரே இருக்கிறார். மீதிப் பிரிவுகளை யாருக்குக் கொடுப்பது?

பதில்: விருப்பமுள்ளவருக்குக் கொடுங்கள்; பட்டத்தை அடுத்துப் பாருங்கள். புதிதாக எடுப்பவருக்கு முதல் ஆண்டே பத்தாம் வகுப்பு வேண்டாம். எட்டாம் வகுப்பைக் கொடுத்து, அதே பிள்ளைகளோடு ஒன்பதுக்கும் பத்துக்கும் அவரை நகர்த்துங்கள். கால அட்டவணையில், அவரும் கணித ஆசிரியரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பாடவேளையை வாரத்துக்கு ஒரு முறையாவது ஒதுக்குங்கள். மாற்றுப் பணிக்கு ஆள் இல்லாத நாட்களில் அந்தப் பாடவேளைதான் முதலில் பறிபோகும் என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி (காட்டுமன்னார்கோயில் பக்கம்): எங்கள் பள்ளியில் கணிதம் பேச எனக்கு ஒருவரும் இல்லை. காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: திக்ஷா தளத்திலும் மணற்கேணி செயலியிலும் உள்ள காணொளிகள், ஒரு பாடத்தை எந்த வரிசையில் நடத்தலாம் என்று பார்க்க உதவும். உங்கள் கணக்கில் எங்கே இடறுகிறீர்கள் என்று அவை சொல்லா. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அடுத்த ஊர்ப் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வாரம் ஒரு மாலை அரை மணி நேரமாவது தொலைபேசியில் பேசுங்கள். பேசும் முன் நீங்கள் போட்டுப் பாதியில் நின்ற கணக்கைப் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். முழுதும் போட்டு முடித்ததை அனுப்ப வேண்டாம். இருவருக்கும் விளங்காதவற்றைக் குறித்துவைத்து, வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கணித விரிவுரையாளரிடம் கேளுங்கள். பயிற்சிக் கடிதம் வந்தால்தான் அங்கே போக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் கேட்கக் கடிதம் தேவையில்லை.