சுவர் மீது விழும் நிழல் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மூன்று மாதங்களாக எங்கள் தெருவில் விழும் நிழல்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருகிறேன். இத்துடன் இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். ஒன்று, சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளும் அதன் நிழலும். மற்றொன்று, எங்கள் வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் திண்ணையில் காலை வெயிலில் விழும் அழிக்கம்பிகளின் நிழல். நேரில் என்னை நிற்க வைத்த காட்சி படத்தில் சப்பென்று இருக்கிறது. சுவர் சாம்பலாகத் தெரிகிறது. கணினியில் கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) ஏற்றினால் நிழல் தார் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. சட்டகத்திலும் ஏதோ குறை இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. எந்த நேரத்து வெயில் இதற்கு ஏற்றது என்றும் எழுத வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள கும்பகோணம் வாசகருக்கு,

இரண்டு படங்களையும் பலமுறை பார்த்தேன். சைக்கிள் படத்தில் சட்டகத்தின் முக்கால் பங்கைச் சைக்கிளே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஹேண்டில்பார் தன் நிழலின் மீதே படிந்து நிற்பதால், எது இரும்பு, எது நிழல் என்று கண் தடுமாறுகிறது. நீங்கள் நின்று பார்த்தது நிழலைத்தான் என்றால் அதற்குச் சட்டகத்தில் தனி இடம் கொடுத்தாக வேண்டும். இடப்பக்கம் இரண்டடி நகர்ந்து, முன்சக்கரத்தின் ஒரு பகுதியை மட்டும் ஓரத்தில் வைத்துக்கொண்டு, நிழல் முழுவதையும் வெற்றுச் சுவரில் விழவிட்டுப் பாருங்கள்.

பொருளை நீக்கிவிட்டு நிழலை மட்டும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1928இல் பாரிஸில் எடுத்த படத்தில், தட்டின் விளிம்பில் சாய்ந்திருக்கும் ஒரு முள்கரண்டியும் அதன் நிழலும் சம உரிமையோடு இருக்கின்றன. அங்கே வேறு எதுவுமே இல்லை என்பதால்தான் அது முடிகிறது. ஹாங்காங் புகைப்படக் கலைஞர் ஃபேன் ஹோ 1954இல் எடுத்த படம் இதற்கு நேர் எதிரானது. உயர்ந்த வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு பெண் சிறியதாக நிற்க, முக்கோணமாக ஒரு பெரும் நிழல் சட்டகத்தைக் குறுக்கே வெட்டி அவளை நோக்கி இறங்குகிறது. அந்த நிழல் அவர் பின்னர் இருட்டறையில் சேர்த்தது. அதில் எனக்குக் குற்றம் காணத் தோன்றவில்லை. நிழல் ஒரு பொருளின் நகலாக மட்டுமல்லாமல், சட்டகத்தைப் பங்கிடும் ஒரு பரப்பாகவும் இருக்க முடியும் என்பதை அந்த ஒரு படத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

இனி உங்கள் சாம்பல் சுவர். கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது; ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று அதைச் சொல்வார்கள். சுண்ணாம்புச் சுவர் அதைப் போலப் பல மடங்கு ஒளியைத் திருப்புவதால், கேமரா தானாக எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவைக் குறைத்து அதைச் சாம்பலாக்கிவிடுகிறது. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) நீங்களே கூட்டி வையுங்கள், படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் போய் முட்டாத அளவுக்கு.

புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை, கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள அடர்த்திகளைப் படிகளாக எண்ணிடுகிறது. அதில் முழுக் கறுப்பு 0, நடுச் சாம்பல் 5, முழு வெள்ளை 10. நேர் வெயிலுக்கும் திறந்த வானத்தின் கீழுள்ள நிழலுக்கும் இடையே சுமார் மூன்று ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். ஒரு மண்டலம் என்பது ஒரு ஸ்டாப். உங்கள் சுவரை ஏழரையில் வைத்தால் நிழல் தானாகவே நாலரையில் வந்து நிற்கும். அதாவது வெள்ளைச் சுவரில் விழும் நிழல் இயல்பிலேயே கறுப்பு அல்ல, சற்று அடர்ந்த சாம்பல்தான். அதை மூன்றரை வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் சுண்ணாம்பு மட்டை இழுத்த கோடுகளும் காரை பெயர்ந்த வடுக்களும் நிழலுக்குள் மறைந்துவிடும், நிழல் சுவரில் வெட்டிய ஓட்டையாகிவிடும். நிழலுக்குள்ளும் சுவர் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கான்ட்ராஸ்டைத் தொடாமலே நிழலை இறக்க ஒரு வழி உண்டு. வெயிலில் விழும் நிழலுக்கு ஒளி தருவது நீல வானம் என்பதால் அந்த நிழல் நீலச் சாயல் கொண்டது. ரா கோப்பாக (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தை மட்டும் குறைத்தால் நிழல் அடர்கிறது, வெயில் பட்ட சுவர் அப்படியே நிற்கிறது. பிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் செய்த வேலை இதுதான்.

நேரத்தைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரில் ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் பிற்பாதியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக வரும்; அப்போது தரையில் எடுக்க ஒன்றும் இருக்காது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்லது. ஆனால் நேரத்தைவிட, பொருளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்கச் சொல்வேன். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால், நிழலின் விளிம்பு அந்தத் தூரத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கலங்குகிறது. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பிரேக் கம்பியின் நிழல் ஒரு மில்லிமீட்டர்தான் கலங்கும், கத்தியால் கீறியதுபோல் இருக்கும். ஐந்து மீட்டர் மேலேயுள்ள வேப்பங்கிளையின் நிழலோ ஐந்து சென்டிமீட்டர் கரைந்துவிடும். இந்தக் கூர்மையும் கரைவும் ஒரே சட்டகத்தில் சேரும்போது தட்டைச் சுவருக்கு ஆழம் வந்துவிடுகிறது. உங்கள் படத்தின் வலது மேல் மூலையில் அப்படியொரு கிளை நிழல் அரைகுறையாக எட்டிப்பார்க்கிறது. அதை உள்ளே கொண்டு வாருங்கள்.

திண்ணைப் படம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. அது சப்பென்று தெரிவதற்குக் காரணம் சிவப்புச் சிமெண்டு. வண்ணத்தில் சிவப்புக்கும் நிழலுக்கும் இருக்கும் வேறுபாடு, கறுப்பு வெள்ளைக்கு மாறும்போது பெருமளவு மறைந்து, தரையும் நிழலும் ஒரே அடர்த்திக்கு நெருங்கிவிடுகின்றன. சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறையுங்கள், தரை வெளுத்து எழும்பி வரும்.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கம்பி நிழல்கள் திண்ணை மேல் சாய்வாக ஓடி, விளிம்புக்கு வந்ததும் மடிந்து, செங்குத்தான பக்கத்தில் வேறொரு கோணத்தில் இறங்குகின்றன. வழுவழுப்பாகத் தேய்ந்த அந்த விளிம்பில் மட்டும் ஒவ்வொரு நிழலும் சற்று வளைந்து திரும்புகிறது. நீங்கள் அதை இடது கீழ் மூலையில் பாதியில் வெட்டிவிட்டீர்கள். தெருவில் இறங்கி, கேமராவைத் திண்ணை மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்த்தி வைத்து, அந்த மடிப்பு சட்டகத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடும்படி மீண்டும் எடுங்கள். கம்பிகளைச் சேர்க்க வேண்டாம். எட்டு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து, ரா கோப்புகளாகவே அனுப்பி வையுங்கள்.

அன்புடன்.