விமானத்தில் விழுந்த பிரேக்கரை உடனே திரும்பப் போடக் கூடாதா?

வீட்டில் பிரேக்கர் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனால் தூக்கிவிடுகிறோமே, விமானத்தில் மட்டும் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாதாரண பிரேக்கர், வயரில் அதிக கரண்ட் போய்ச் சூடேறினால்தான் விழும். இன்சுலேஷன் தேய்ந்த இடத்தில் கண நேரம் தெறிக்கும் பொறி அதற்குத் தெரியவே தெரியாது. 1998-இல் ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில், காக்பிட் கூரைக்கு மேலே வயரில் தெறித்த பொறிதான் பக்கத்தில் வெப்பத்தையும் சத்தத்தையும் தடுக்கப் போட்டிருந்த இன்சுலேஷன் போர்வையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்றது கனடா விசாரணை. 229 பேரும் இறந்தார்கள்.

அதனால் வயர் ஆய்வில் மீட்டருக்கு முன் டார்ச்சும் கைக்கண்ணாடியும்தான். வயர்களைப் பிடித்திருக்கும் கிளாம்பின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, வயர்க்கட்டு தகட்டின் விளிம்பில் உரசுகிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்க்க வேண்டும். நான் அதிகம் பயப்படுவது தகட்டில் துளை போடும்போது சிதறும் உலோகத் துருவலுக்கு. வயர்க்கட்டுக்குள் புகுந்துவிட்டால், அதிர்வில் இன்சுலேஷனை மெல்ல மெல்ல அறுக்கும். துளை போடும் முன்பே வயர்களை மூடிவிடுங்கள்.

விழுந்த பிரேக்கரைத் திரும்பப் போட்டால் பழுதான வயருக்கே மறுபடி கரண்ட் போகலாம். அதனால் பறக்கும்போது பிரேக்கர் விழுந்தால், பாதுகாப்பாக இறங்க அந்தக் கருவி அவசியம் என்றால் மட்டும், ஆறவிட்டு ஒரே ஒரு முறை போடலாம். எரிபொருள் பம்ப் பிரேக்கரை அதுவும் கூடாது. தரையில் காரணம் கண்டுபிடித்த பிறகுதான்.