ராபர்ட் மோரிஸின் கையெழுத்து

அன்புள்ள சார்,

டாலர் பற்றி எழுதியபோது ராபர்ட் மோரிஸ் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அவரைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. லிவர்பூலிலிருந்து பிழைக்கப் போன பையன் பெரிய வியாபாரி ஆனாராம், அமெரிக்கப் புரட்சிக்குச் சொத்து முழுவதையும் கொடுத்தாராம், நாடு திருப்பித் தராததால் கடனாளியாகிச் சிறையிலேயே செத்தாராம். படித்ததும் மனசு கனத்துவிட்டது. உண்மையா? உண்மையென்றால் ஏன் இவரை யாரும் பேசுவதில்லை?

கே.

அன்புள்ள கே.,

பாதி உண்மை. சிறைக்குப் போனார், ஆனால் மூன்றரை வருடம் இருந்துவிட்டு 1801-இல் வெளியே வந்துவிட்டார். இறந்தது 1806-இல். புரட்சிக்குக் கொடுத்துக் கெட்டார் என்பது சுத்தக் கதை. அவரைக் கெடுத்தது நிலம்.

பிழைக்கப் போன பையன் என்பதும் கொஞ்சம் மிகை. அப்பா ஏற்கெனவே மேரிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்னத் துறைமுகத்தில், லிவர்பூல் கம்பெனி ஒன்றுக்குப் புகையிலை ஏஜென்ட். பையன் பதின்மூன்று வயதில் அங்கே போய்ச் சேர்ந்தான். 1750-இல் ஒரு கப்பல் அந்த அப்பாவுக்கு மரியாதை செலுத்தப் பீரங்கி முழங்க, அதிலிருந்து தெறித்த அடைப்பு அவர் மேல் பட்டு, அந்தக் காயத்திலேயே போய்ச் சேர்ந்தார். பையன் ஃபிலடெல்ஃபியாவில் வில்லிங் குடும்பத்தின் வணிகக் கிடங்கில் தொழில் பழகி, 1757-இல், இருபத்துமூன்று வயதில், 'வில்லிங், மோரிஸ்' கம்பெனியில் பங்காளியானார். கோதுமை மாவு, சர்க்கரை, ரம் எல்லாம் கப்பலேறின. 1760களில் அடிமைகளையும் கொண்டுவந்து விற்றார்கள். உங்கள் வாட்ஸப் செய்தியில் அது இருந்திருக்காது.

1776-இல் காலனிகளின் கூட்டு சபையான காங்கிரஸில் மோரிஸ் பென்சில்வேனியாவின் பிரதிநிதி. ஜூலையில் சுதந்திரத்துக்கு வாக்களிக்கும் நாள் வந்தபோது இவர் அதற்கு ஆதரவே இல்லை, இன்னும் நேரம் வரவில்லை என்பது அவர் கணக்கு. ஜூலை 1 அன்று எதிர்த்தார், மறுநாள் அதே பென்சில்வேனியாவின் இன்னொரு பிரதிநிதி ஜான் டிக்கின்சனும் இவரும் சபைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டதால்தான் பென்சில்வேனியா மூன்றுக்கு இரண்டு என்று சுதந்திரத்தின் பக்கம் சாய்ந்தது. அன்று எதிர்த்து வாக்களித்த இரண்டு பேரில் ஒருவர் இவருடைய சொந்தப் பங்காளி தாமஸ் வில்லிங்! ஆகஸ்டில் மோரிஸ் வந்து கையெழுத்துப் போட்டார். சுதந்திரப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியல் சட்டம் மூன்றிலும் கையெழுத்திட்டவர்கள் இவரும் ரோஜர் ஷெர்மனும்தான்.

சரி, புரட்சிக்கு என்னதான் கொடுத்தார்? ரொக்கத்தைவிடப் பெயரைத்தான். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும் இல்லையா, மோரிஸின் கதையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 1781-இல் காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் செல்லாக்காசு ஆகிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் நிதிப் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். என் சொந்த வியாபாரம் தொடரும், ஆட்களை நீக்கும் அதிகாரமும் எனக்கு வேண்டும் என்று கறாராகப் பேசி வாங்கிக்கொண்டார். அப்புறம் தன் கையெழுத்தில் புரோநோட்டுகள் வெளியிட்டார். அரசாங்கத்தின் நோட்டை வாங்காத மாவுக்காரனும் மாட்டுக்காரனும் மோரிஸ் நோட்டை வாங்கினார்கள். தவணை அதிகமானதை 'லாங் பாப்' என்றும் குறைந்ததை 'ஷார்ட் பாப்' என்றும் சொன்னார்கள், பாப் என்பது ராபர்ட்டின் செல்லப்பெயர்.

அந்த வருடம் வாஷிங்டனின் படை, போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் சண்டைக்காகத் தெற்கு நோக்கி இறங்கும்போது, சம்பளம் இல்லாமல் மேலே நகர மாட்டோம் என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். மோரிஸ் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் போய் 20,000 டாலர் வெள்ளி கைமாற்று வாங்கி ஒரு மாதச் சம்பளத்தைப் பட்டுவாடா செய்ய வைத்தார். பலருக்கு அது 1776-க்குப் பிறகு கையில் வந்த முதல் நிஜச் சம்பளம். அக்டோபர் 1-க்குள் திருப்பித் தருவதாக வாக்கு. எதை வைத்துத் தருவது? நல்லவேளையாக பிரான்ஸிலிருந்து வெள்ளி ஏற்றிய கப்பல் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது, அதை மாட்டு வண்டிகளில் ஃபிலடெல்ஃபியாவுக்கு இழுத்து வந்தார்கள். எனக்கு இதில் பிடித்ததும் பயமுறுத்துவதும் ஒன்றுதான்: பணம் வரும் என்று நம்பி முதலில் வாக்குக் கொடுத்துவிடுவது, வருவது அப்புறம்.

போர்க்காலத்தில் அவருக்கு நஷ்டமும் உண்டு, நல்ல லாபமும் உண்டு. அரசாங்கக் கொள்முதலும் சொந்தக் கணக்கும் ஒரே மேசையில் இருந்தால் ஊர் பேசத்தானே செய்யும்? புரட்சியின் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார், காங்கிரஸ் விசாரித்துக் குற்றமில்லை என்றது. 1779 அக்டோபரில் விலைவாசிக் கொதிப்பில் ஒரு கூட்டம் துப்பாக்கியோடு வக்கீல் ஜேம்ஸ் வில்சனின் வீட்டைச் சூழ்ந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் மோரிஸும் ஒருவர்.

போர் முடிந்ததும் சீனாவுக்குப் போன முதல் அமெரிக்கக் கப்பலான 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா'வுக்குப் பணம் போட்டார். (அதே 1784-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிளம்பிய இன்னொரு கப்பல் நம் புதுச்சேரிக்கு வந்து நங்கூரம் போட்டது. அது தனிக்கதை.) கப்பலோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். 1790களில் ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் என்ற இருவரோடு சேர்ந்து கடனிலேயே நிலம் வாங்கினார். புதிதாக எழுந்துகொண்டிருந்த வாஷிங்டன் நகரில் 6,000 மனைகள், பல மாநிலங்களில் 60 லட்சம் ஏக்கர். ஐரோப்பாவில் விற்றுவிடலாம் என்பது திட்டம். ஐரோப்பாவில் சண்டை, பணத்தை எவனும் வெளியே எடுக்கவில்லை. மோரிஸ் நோட்டுக்கு நிக்கல்சன் ஜாமீன், நிக்கல்சன் நோட்டுக்கு மோரிஸ் ஜாமீன் என்று மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டுச் சமாளித்தார்கள். 1781-இல் படையை நகர்த்திய அதே கையெழுத்து, இப்போது கடைத்தெருவில் அடிமாட்டு விலைக்குப் போனது. இதற்கிடையே வாஷிங்டன் நகரத்துக்கு வரைபடம் போட்ட லான்ஃபான்ட்டை வைத்து ஃபிலடெல்ஃபியாவில் ஒரு முழுத் தெருச் சதுக்கத்தை அடைத்துப் பளிங்கு மாளிகை வேறு கட்ட ஆரம்பித்தார். மாளிகை முடியவில்லை, பணம் முடிந்துவிட்டது, ஊர்க்காரர்கள் 'மோரிஸின் மடமை' என்று பெயர் வைத்தார்கள்.

கடைசியில் ஆற்றங்கரைத் தோட்ட வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்தார். கடன்காரர்கள் வெளியே குளிருக்கு நெருப்பு மூட்டிக் காவல் இருந்தார்கள். உள்ளேயிருந்து நிக்கல்சனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், நிக்கல்சனும் தன் வீட்டுக்குள் அதே மாதிரிதான் ஒளிந்திருந்தார். 1798 பிப்ரவரியில் பிடித்துக்கொண்டு போய் ப்ரூன் தெருச் சிறையில் வைத்தார்கள். கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் பாக்கி. அங்கே அவரைப் பார்க்க வாஷிங்டன் வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். நிக்கல்சன் அந்தச் சிறையிலேயே 1800-இல் இறந்தார், உங்கள் குழுவில் இரண்டு பேரையும் சேர்த்துக் குழப்பிவிட்டார்களோ என்னவோ. திவால் சட்டம் ஒன்று வந்ததால் மோரிஸ் வெளியே வந்தார். அவர் மனைவி மேரிக்கு வருடம் 1,500 டாலர் வர ஒரு நண்பர் ஏற்பாடு செய்திருந்தார், இருவரும் அதில்தான் காலம் தள்ளினார்கள்.

யாரும் பேசுவதில்லையே என்றால், பேசுவதற்கு அவர் வாக்கியம் எதுவும் விட்டுப் போகவில்லை. 1787 அரசியல் சட்ட மாநாட்டில் வாஷிங்டனைத் தலைவராக முன்மொழிந்ததோடு சரி, அந்தக் கோடை முழுவதும் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

உயிலில் பெரிய சொத்தை இழந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். மகன் ராபர்ட்டுக்கு ஒரு தங்கக் கடிகாரம். அது ஆக்ஸ்ஃபோர்டில் பீரங்கி மரியாதையில் செத்த அப்பாவுடையது.